எதிர்க்கைக்கு முப்பத்தொரு மதிப்பெண்

நூற்றுக்கு முப்பத்தொன்று. ஒன்பதாம் வகுப்பில் நான் வேதியியலில் வாங்கியதே முப்பத்து நான்கு. அதிலாவது வாத்தியாரின் பரிதாபம் கொஞ்சம் கலந்திருந்தது. 'எதிர்க்கை' என்கிற சண்டை கேமுக்கு இந்த முப்பத்தொன்றைப் போட்டது துலா. விளையாட்டுத் தர வாரியத்தின் இயந்திரம் அது. பரிதாபத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை.

சர்வர்களைக் குளிரவைக்கும் தண்ணீருக்குப் பங்கீடு வந்த வருடத்திலிருந்து, எந்த கேம் உயிரோடு இருக்கலாம் என்பதைத் துலாதான் சொல்கிறது. ஒரு கேமைத் தனக்குத்தானே நாற்பது லட்சம் தடவை ஆடிப் பார்க்கும். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு. நாற்பதுக்குக் கீழே போனால் அறுபது நாளில் கேமை இறக்கிவிடுவார்கள். ஆடியவர்களின் பெயர்கள்கூட மிஞ்சாது.

எதிர்க்கை பற்றி அது எழுதியது இரண்டே வரி. "ஆழம் இல்லை. வெல்ல உகந்த உத்தி: அசையாமல் நிற்பது."

மனுஷ விமர்சகர்கள் அதற்கும் மேல். டவுன்பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று ஒருத்தர் எழுதினார். இன்னொருத்தர் 'கல்லுச்சண்டை' என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. இத்தனை பேரில் ஒருத்தராவது இந்த கேமுக்கென்று விற்கிற கையுறையை மாட்டி ஆடியிருப்பாரா என்றால், இல்லை. நான் விசாரித்தேன்.

என் பெயர் சென்னியப்பன். ஈரோட்டில் துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம். துணியைத் தொட்டே பார்க்காமல் வாசலில் நின்றபடி சாயம் போகும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவனை எங்கள் வீதியில் மனுஷ ஜென்மத்தில் சேர்ப்பதில்லை. ஊர் உலகம் முழுக்க அப்படிப்பட்டவர்களாகவே ஆகிவிட்டால் ஒருத்தன் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எதிர்க்கையில் ஆறு சண்டைக்காரர்கள், மூன்று பட்டன்கள்: அடி, தடு, விலகு. நெருப்பு வராது, ஆகாயத்தில் பறக்க மாட்டார்கள், வெட்டினால் வானவில் தெறிக்காது. இரண்டு பேரும் வலது கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். இடது கையால்தான் அடிக்க வேண்டும். கோத்த கையை விட்டவன் தோற்றவன். திரையில் பார்த்தால் அவ்வளவுதான். முதலில் அடிக்கப் போகிறவனுக்குப் பாதி பலம்தான் என்பதால் திரையை மட்டும் பார்த்து ஆடுகிறவன் நிற்பான், நின்றுகொண்டே இருப்பான். அந்த மட்டில் துலா சொன்னது சரி.

ஆனால் வலது கையில் மாட்ட ஒரு கையுறை தனியாக விற்கிறார்கள். மாட்டினால், எங்கோ இருக்கிற எதிராளியின் கை உங்கள் கைக்குள் வந்து உட்காரும். அதன் அழுத்தம், தளர்ச்சி, நடுக்கம், எல்லாம். இடது கை அடிக்கக் கிளம்புமுன் வலது கை காட்டிக்கொடுத்துவிடும். எந்த உடம்புக்கும் அது இயல்பு. ஆகவே முதல் வருடம் எதிராளியின் பிடியைப் படிக்கப் பழகுவீர்கள். இரண்டாம் வருடம் பிடியால் பொய் சொல்லப் பழகுவீர்கள். மூன்றாம் வருடம், எதிராளி நம் பொய்யைக் கண்டுகொண்டான் என்பது அவன் கையில் தெரியும். அவன் கண்டுகொண்டதாக நடிக்கிறான் என்பதும் தெரியும். நாற்பது நொடி இரண்டு கல் போல நிற்பது திரையில்தான். கைக்குள்ளே அதற்குள் பன்னிரண்டு சண்டை நடந்து முடிந்திருக்கும்.

மாட்டுச்சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நானே என் மாமனுக்காக இரண்டு தடவை துண்டுக்குள் கைவிட்டிருக்கிறேன். ஒரு தடவை ஏமாந்தேன், ஒரு தடவை ஏமாற்றினேன். எந்த விரலைப் பிடிக்கிறான் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த விரலுக்கு வந்து சேர எவ்வளவு யோசித்தான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் கேமின் ஆழம் மட்டும் என்றால் அதுவும் பொய். கொக்கு இருக்கிறது.

கொக்கு என்பது எதிர்க்கையில் ஒருவரின் பெயர். ஆறு வருடமாக, கடையில் கூட்டம் வற்றிவிடும் மதியம் இரண்டரைக்கு, நானும் கொக்கும் ஆடுகிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆட்டம். இந்த கேமில் பேச முடியாது, எழுத முடியாது, முகம் தெரியாது. கொக்கு ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஆனால் இன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை, இன்றைக்கு யாருடனோ மனஸ்தாபம் என்பது கை வந்து சேர்ந்த மாத்திரத்தில் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு மாதம் முழுக்க அந்தக் கை ஈரத்துணி மாதிரி கிடந்தது. என்ன ஆனது என்று கேட்க வழியில்லை. நானும் அந்த மாதம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றுதான், அது கொக்குக்கும் தெரியும்.

என் மனைவி பூவாத்தாளுக்கு இதில் தீராத எரிச்சல். வருகிற ஆளின் மூஞ்சியைப் பார்த்துப் பேசத் துப்பில்லை, மூஞ்சியே இல்லாத ஆளுக்காகக் கடைக்கதவைச் சாத்துகிறீர்கள் என்பாள். கேமை இறக்கினால் கொக்கும் போச்சு. தேட ஒரு முனை கிடையாது. இது புரிந்ததும் மேல்முறையீட்டுக்கு மனுப் போட்டேன். ஆயிரம் ஆட்டத்துக்குமேல் ஆடியவர், கேமைச் செய்தவரோடு சேர்ந்து நேரில் வந்து வாரியத்திடம் வாதாடலாம் என்று ஒரு விதி இருந்தது.

செய்தவர் திருப்பூர் தெய்வானை. தையல் மெஷினில் துணியின் இழுப்பை உணரும் சென்சார் செய்துகொண்டிருந்தவர், இரண்டு பேரை வைத்துக்கொண்டு இந்த கேமைச் செய்தார். கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறக்கப் பஞ்சாங்கம் பார்ப்பார். வாரியம் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போகிற ரயிலில், அவர் திருப்பூரில் ஏறியதிலிருந்து முக்கால் மணி நேரம் நானே பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாரியத்தின் அதிகாரி ஞானசிகாமணி தூத்துக்குடிக்காரர். நல்ல மனுஷர்; அதுதான் கடுப்பு. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"துலா நாப்பது லட்சம் ஆட்டம் ஆடியிருக்கு சார்," என்றார். "நீங்க?"

"ரெண்டாயிரத்துக்குப் பக்கமுங்க. ஆனா நான் கைய வெச்சு ஆடுனனுங்க."

"கையுறை கட்டாயமில்லைன்னு கேம் அட்டையிலேயே போட்டிருக்கே."

நான் தெய்வானையைத் திரும்பிப் பார்த்தேன். கட்டாயம் என்று போட்டால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்பதால் அப்படிப் போட்டதாக அவர் மேஜையைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"விருந்துல எலை போட்டு உக்காரணும்னு கட்டாயமில்லீங்க சார். அதுக்காக, வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டுப் போயி சோறு சரியில்லீன்னு எழுதுவீங்களா?"

எல்லா கேமையும் ஒரே மாதிரி, திரை வழியாக மட்டுமே பார்ப்பதுதான் நடுநிலை என்று அவர் பொறுமையாக விளக்கினார். துணியையும் எண்ணெயையும் ஒரே முழக்கோலால் அளப்பது எந்த ஊர் நடுநிலை என்று நான் கேட்டேன். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் என் பையிலிருந்து இரண்டு கையுறையை எடுத்து மேஜைமேல் போட்டேன். மனுஷர் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார்.

முதல் ஏழு ஆட்டம், அவர் அடிக்க நினைக்கும்போதே நான் அடித்துவிட்டிருந்தேன். எப்படித் தெரிகிறது என்று கேட்டார். இடது கை கிளம்புமுன் உங்கள் வலது கை மூச்சைப் பிடிக்கிறது என்றேன். பத்தாவது ஆட்டத்தில் பொய் சொல்லிப் பார்த்தார். சின்னப் பிள்ளைப் பொய். பன்னிரண்டாவதில் முப்பத்தைந்து நொடி நின்றோம். என் கைக்குள் அவர் கை ஏதோ யோசித்தது, யோசனையைக் கைவிட்டது, இல்லை, கைவிட்ட மாதிரி காட்டியது. அடி என் தாடையில் விழுந்தது.

ஞானசிகாமணி அந்த ஆட்டத்தைத் திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். இரண்டு கல். ஒரு அடி.

"இது எதுவுமே இதுல தெரியலையே," என்றார்.

"அதத்தானுங்க காத்தாலெருந்து தொண்ட வறளக் கத்தீட்டு இருக்கறேன்."

துலாவுக்கு ஒரு கை செய்து மாட்டலாம், வாரியத்தில் அதற்கு வழி இருக்கிறது என்றார் அவர். ஆனால் கை என்றால் என்னவென்று துலாவுக்குத் தெரியாது, பழக்க வேண்டும். தேர்ந்த இரண்டு பேர் வருடக்கணக்காக ஆடிய ஆட்டங்களின் பிடிப் பதிவு வேண்டும், இரண்டு பக்கத்துக் கையும். ஆடியவரில் ஒருவர் ஒப்புக்கொண்டால் சட்டப்படி போதுமாம்.

காகிதம் எடுத்துவர அவர் உள்ளே போனார். தெய்வானை அந்த நாளில் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தார்.

"வேண்டாங்ண்ணா."

"எது வேண்டாம்?"

"அதுக்குக் கை குடுக்க வேண்டாங்ண்ணா. போனாப் போகுது. நான் வேற ஒண்ணு பண்ணிக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவருடைய கேமுக்காக நான் கடையை அடைத்துவிட்டு வந்து நாள் முழுக்க மன்றாடுகிறேன். பெற்றவருக்கு அக்கறை இல்லை. சரக்கைக் கட்டிலேயே வைத்துக்கொண்டு வியாபாரம் இல்லை என்றால் எப்படி அம்மணி என்று கேட்டேன். அவர் மறுபடி பஞ்சாங்கத்துக்குள் போய்விட்டார்.

எங்கள் வீதியில் ஒரு பழக்கம் உண்டு. புது ஆளுக்கு மேல்மடிப்பை மட்டும்தான் காட்டுவோம். கட்டைப் பிரித்து அடிவரைக்கும் காட்டினால் அவன் சரக்கை எடுக்க மாட்டான். நெசவைத் தெரிந்துகொண்டு போய்விடுவான். இருபத்தைந்து வருடம் வழுவாமல் காத்த அந்தப் பழக்கத்தை அன்றைக்கு விட்டேன். முப்பத்தொன்று என்கிற எண் காதுக்குள் கொசுவாகப் பாடிக்கொண்டே இருந்தது. ஆறு வருடத்து ஆட்டம் முழுவதையும், என் கையையும் கொக்கின் கையையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்கு பக்கக் காகிதம். வாடிக்கையாளர் நீட்டும் காகிதத்தை மூன்று தடவை படிக்கிறவன் நான். இதைப் படிக்கவில்லை.

துலா கை பழகிய அந்த நாட்களில் நானும் கொக்கும் வழக்கம்போல இரண்டரைக்கு ஆடினோம். வழக்கம்போல என்று சொல்வது பிசகு. அப்படி ஒரு ஆட்டம் ஆறு வருடத்தில் நாங்கள் ஆடியதே இல்லை. கொக்கின் பிடியில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஒன்பதாம் நாள் ஐம்பத்திரண்டு நொடி நின்றோம். அதில் நான் மூன்று தடவை ஏமாந்து, நான்காவதில் ஜெயித்தேன். எழுந்து போய்ப் பூவாத்தாளிடம் சொன்னேன். அவள் பருப்பு வேகவில்லை என்றாள்.

பதினோரு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தொண்ணூற்று மூன்று. "மனிதப் பிடியின் தயக்கத்தை ஆட்டமாக்கிய ஒரே படைப்பு" என்று துலா எழுதியிருந்தது. கல்லுச்சண்டை என்று பெயர் வைத்த விமர்சகர், தான் அன்றே சொன்னதாக எழுதினார். ஒரு வாரத்தில் பதினெட்டு லட்சம் பேர் கையுறை வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள், பன்னிரண்டாம் நாள், இரண்டரைக்கு உட்கார்ந்தேன். கொக்கின் கை வந்தது. அழுத்தவில்லை, தளரவில்லை, பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கையை விட்டுப் போய்விட்டது. கையை விட்டவர் தோற்றவர். எனக்கு வெற்றி என்று திரையில் வந்தது. இது ஏதோ புது உத்தி என்று எனக்குப் பூரிப்பு. அதை எப்படி உடைப்பது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளும் கொக்கு வரவில்லை.

நான்காம் நாள் ஞானசிகாமணி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். சோதனையிலேயே சிறந்த ஜோடி நீங்கள்தான் என்றார். எந்தச் சோதனை என்றேன்.

"காகிதத்துல எட்டாவது பத்தியில இருக்கே சார். துலா உங்களுக்குக் கொக்கா ஆடுச்சு. கொக்குக்கு நீங்களா ஆடுச்சு. பதினோரு நாளும். ரெண்டு பேர்ல யாருக்கும் சந்தேகம் வரலைன்னா தொண்ணூறுக்கு மேல. ஆடுறவங்களுக்குத் தெரிஞ்சா சோதனை கெட்டுரும்லா."

"ஒம்பதாம் நாளும் அதுங்களா?"

"பதினோரு நாளும் சார்," என்றார். மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றே திருப்பூர் போனேன். தெய்வானை ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொக்குக்கு எப்படியாவது சேதி சொல்ல வேண்டும், அவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அவிங்க ஏமாறலீங்ண்ணா. மொத நாள் சாயந்திரமே கேம் அட்டையில இருக்கற விலாசத்துக்கு எனக்கு எழுதீட்டாங்க. இது அவரு கையில்லீன்னு."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீங்க ஏன் வாரியத்துக்குச் சொல்லல?"

"சொன்னா மார்க் போயிருமுங்க. நீங்க அத்தன பாடுபட்டீங்களே." திருப்புளியை ஓரமாக நகர்த்திவிட்டு, "ஆட்டம் பூராவும் துலா உங்களாட்டமேதானுங்க ஆடீருக்குது. பொய் சொல்றதும் அப்படியே. ஆட்டம் முடிஞ்சு மணியடிச்சதுக்கப்பறம் ரெண்டு நொடிக்குக் கையுறையில உசுரு இருக்குமுங்களே, அதுல புடிச்சுக்கிட்டாங்க."

"அந்த ரெண்டு நொடியில என்ன?"

"தோத்தாலும் ஜெயிச்சாலும் நீங்க ஒருக்கா வெடுக்குனு இறுக்குவீங்களாமா. சலிப்புல. வையற மாதிரி. அத வாங்கிக்கிட்டுத்தான் அவிங்க எந்திரிப்பாங்களாம். மணியோட பதிவு நின்னுரும்ங்றதால துலாவுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரீல."

அப்படி இறுக்குவது எனக்கே தெரியாது. பூவாத்தாளைக் கேட்டால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், நீங்க வந்து கேப்பீங்கன்னு பதினோரு நாளும் அவிங்க காத்திருந்தாங்க. பன்னெண்டாம் நாளு கடைசியா ஒருக்கா வந்து பாத்தாங்க. உங்க கை ரொம்பச் சந்தோசமா இருந்துச்சுன்னு எழுதீருந்தாங்க. அன்னிக்கே பேர எடுத்துட்டாங்க. முகவரிய நான் தரக்கூடாதுங்ண்ணா."

முகவரி எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதைவிட வேறு ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"அந்த ரெண்டு நொடியில, நான் இறுக்கறப்ப, கொக்கு என்ன பண்ணுமுங்க?"

தெய்வானை என்னை விநோதமாகப் பார்த்தார். "எனக்கெப்படிங்ண்ணா தெரியும்? ஆறு வருசமாப் புடிச்சிருந்தது நீங்கதானுங்களே."

யோசித்துப் பார்த்தேன். ஈரத்துணி போலக் கிடந்த அந்த மாதத்தின் ஒவ்வொரு ஆட்டமும் கையில் இருக்கிறது. மணியடித்த பிறகு நடந்தது ஒன்றுகூட இல்லை. அப்போதெல்லாம் நான் இறுக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இறுக்குகிற கைக்கு ஒன்றும் தெரியாது.

வாரியம் சோதனைக் கைகளை அழிக்கவில்லை. புதியவர்கள் பழக உதவும் என்று கேமிலேயே விட்டுவைத்தது. எதிராளிகளின் பட்டியலில் கொக்கு இருக்கிறது, எந்நேரமும் தயார். ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்தேன். அப்புறம் ஒருநாள் இரண்டரைக்கு உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டேன்.

கை வந்தது. அதே கை. முப்பது நொடி நின்றோம், நான் தோற்றேன். மணியடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அடக்கி, ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த இரண்டு நொடியும் அசையாமல் இருந்தேன்.

எதிர்ப்பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆட்டம்தான் முடிந்துவிட்டதே.